எங்க அடி?

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லைனுக்குப் பக்கத்து டிஸ்பென்சரி ஜன்னலில் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "எங்க அடி?" ஆண்கள் இடத்தைச் சொல்வார்கள். இந்த ஷாஃப்ட், பூமிக்கடியில் இந்த லெவல், ஆளைக் கீழே இறக்கும் கேஜில் ஏறும்போது. பெண்கள் உடம்பைச் சொல்வார்கள். தோளில், தாடையில், விலாவில். சுரங்கத்தில் பட்ட அடி என்றால் வேலைக்குப் போகாத நாளுக்கும் சம்பளத்தில் ஒரு பங்கு உண்டு. அதனால் ஆண்களுக்கு அடிபட்ட இடம் தெரியவேண்டியிருந்தது. பெண்களுக்கு அது எங்கே பட்டது என்று தெரிந்து யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில், எனக்குப் பத்து வயது இருக்கும்போது, அம்மாவோடு அந்த வரிசையில் பலமுறை நின்றிருக்கிறேன். அம்மா தோள் என்பாள். கம்பவுண்டர் நிமிராமலே, "கொழாய்ல வழுக்கிச்சா?" என்பார். அவள் ஆமாம் என்றும் சொல்லமாட்டாள், இல்லை என்றும் சொல்லமாட்டாள். மருந்தை வாங்கிக்கொண்டு திரும்புவோம். எங்கள் குழாயடி பாசி பிடித்துக் கிடந்தது உண்மைதான். ஆனால் அது ஓர் ஆணை வழுக்கிவிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு தட்டிதான் சுவர். எங்கள் பக்கம் அப்பாவின் குரல் மட்டும் கேட்கும். பிறகு பாத்திரம் உருளும் சத்தம். அந்தப் பக்கம் இரண்டு குரல் கேட்கும். அங்கே என் வகுப்பில் படிக்கும் ஒரு பெண் இருந்தாள். அவளைக் கண்டால் எனக்கு ஆகாது. என்னைவிட மார்க் குறைவு. என்னிடம் இல்லாத பாவாடையோ ரிப்பனோ அவளிடம் கிடையாது. திருப்பிக் கத்துகிற அம்மா இருந்தாள், அவ்வளவுதான்.

"நேத்து எங்கம்மா சொம்ப வுட்டு எறிஞ்சிச்சு பாரு, எங்கப்பா கட்டிலுக்கு அடியில பூந்துகிச்சு!" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரிப்பாள். எல்லோரும் சுற்றி நின்று கேட்பார்கள். எங்கள் வீட்டிலும் சண்டை நடந்தது. அதில் சொல்லிச் சிரிக்க ஒன்றுமில்லை.

ஒருநாள் மத்தியானம் நானும் அம்மாவும் டிஸ்பென்சரிக்குப் போனபோது, அந்தப் பெண்ணின் அப்பா எங்களுக்கு முன்னால் நின்றிருந்தார். நெற்றியில் துண்டை அழுத்திப் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால், வீங்கிய மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு அவர் மனைவி. பக்கத்தில் அந்தப் பெண், கமர்கட்டைக் கன்னத்தில் அடக்கியபடி.

"எங்க அடி?" என்றார் கம்பவுண்டர்.

"லெவல்ல சார்."

"எந்த லெவலு?"

அவர் யோசித்தார். கம்பவுண்டர் துண்டை விலக்கிப் பார்த்தார்.

"இன்னாயா இது, நெத்தியில கேழ்வரகுக் களி ஒட்டிகினு கீது? கீழ களி கிண்டறாங்களா இப்போ?"

வரிசை முழுவதும் சிரித்தது. "களி லெவலு!" என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். அந்தப் பெயர் அவர் ரிட்டயர் ஆகும்வரை போகவில்லை. என் அம்மாவும் சிரித்தாள், சிரித்தால் வலிக்கும் தோளைப் பிடித்துக்கொண்டு.

அடுத்து மனைவியின் முறை.

"உனக்கு எங்கம்மா அடி?"

"வூட்ல."

"நான் அத்த கேக்கல."

"நான் அத்தத்தான் சொல்றேன். அவருக்கும் வூட்ல, எனக்கும் வூட்ல. அவருக்கு இன்னிக்குதான். எனக்கு கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து. களிக்கட்ட கையில இருந்துச்சு, குடுத்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. கம்பவுண்டர், "சரி சரி, கைய நீட்டு" என்றார். அந்தப் பெண் கமர்கட்டை மறு கன்னத்துக்கு மாற்றினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அம்மா சொல்லிவிட்டாள். அடுத்தது என் அம்மா. நான் அம்மாவின் கையை அழுத்தினேன். ஒரு சொல் போதும். அதே சொல். வழிகூடத் திறந்து கிடந்தது.

"உனக்கு எங்கம்மா?"

"தோள்ல."

"கொழாய்லயா?"

அம்மா வழக்கம்போல் ஆமாம், இல்லை சொல்லாமல் மருந்தை வாங்கிக்கொண்டாள். வெளியே வந்ததும் அந்தப் பெண் ஒரு கமர்கட்டை நீட்டினாள். வாங்கிச் சாக்கடையில் எறிந்தேன்.

"நீ ஏன் சொல்லல?" என்று வழியில் அம்மாவைக் கேட்டேன்.

"அவ அடிச்சா அவனப் பாத்து ஊரு சிரிக்கும். அவனுக்கு அவ்ளோதான் நஷ்டம். நான் அடிக்க வேணாம், வெளிய சொன்னாலே உங்கப்பன் என்ன உசுரோட வுடமாட்டான். வூடும் அவன் பேர்ல கீது. வாய மூடிகினு வா."

அவள் சொன்னது சரி. எனக்கு அன்று சரியாகப் படவில்லை. ஒரே லைன், ஒரே அளவு வீடு, ஒரே களிக்கட்டை. அவர்களுக்கு மட்டும் எப்படி என்றுதான் தோன்றியது.

எழுபதுகளில் நான் பெங்களூரில் ஒரு பத்திரிகையில் வேலை பார்த்தேன். சக நிருபர் ஒருவர், வீட்டுச் சண்டையில் காயமடைந்தவர்கள் பற்றி ஆஸ்பத்திரிகளில் விசாரித்து ஒரு சிறிய அட்டவணை கொண்டுவந்தார். ஆண்கள் ஒரு பத்தி, பெண்கள் ஒரு பத்தி. "பாருங்க மேடம், ஆம்பளைங்களும் வாங்கறாங்க. ரெண்டு பக்கமும் அடிதடிதான்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. ஆண்களின் பத்தி காலியாக இல்லை. அது உண்மையைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். லெவலில் பட்டது என்று சொன்னவர்கள் அதில் வரமாட்டார்கள். ஆனால் எங்கள் பக்கத்து வீட்டை அந்த அட்டவணையில் போட்டால், புருஷன் ஒன்று, பெண்டாட்டி ஒன்று. சமம். அவர் அந்த ஒருநாள் வாங்கியதும் ஒன்று, அவள் கல்யாண நாளிலிருந்து வாங்கியதும் ஒன்று. என் அம்மா இரண்டு பத்தியிலும் இல்லை. ஜன்னலில் என்ன கேட்டார்கள் என்று நிருபரிடம் கேட்டேன். அவர் அதை விசாரித்திருக்கவில்லை. அப்போதும் எனக்கு முதலில் வந்தது பழைய எரிச்சல்தான்: கணக்கில்கூட அந்த வீட்டுக்கு இடம் உண்டு, எங்கள் வீட்டுக்கு இல்லை.

அடுத்த லீவில் பங்காருபேட்டையில் ரயில் மாறி ஊருக்குப் போனேன். அப்பா மார்ச்சளி முற்றிக் கட்டிலோடு கிடந்தார். அம்மாதான் கஞ்சி ஊட்டினாள். அவளால் வலது கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போனேன். அதே ஜன்னல். உள்ளே புதிதாக ஓர் இளைஞர்.

"எங்கம்மா அடி?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. நேராக ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

"வூட்ல."

"அதில்லம்மா, உடம்புல எங்க?"

"தோள்ல. வூட்ல."

அவர் தோளை மட்டும் எழுதிக்கொண்டார். வரிசையில் யாருக்கும் காது கேட்டதாகத் தெரியவில்லை. நான் திரும்பி, நின்றிருந்த பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெண் கல்யாணமாகி எங்கோ போயிருந்தாள். அன்று, அந்த நிமிஷம், அம்மா சொன்னதைக் கேட்க அவள் அங்கே நின்றிருக்க வேண்டும்.