நுரையாரும் பவுடர் டப்பாவும்

சலவைத் திரவம் செய்யும் ஆய்வகத்தில் அவருக்கு நுரையார் என்று பெயர். நுரையே வராத திரவத்தைக் கண்டுபிடித்தவருக்கு வேறென்ன பட்டம் கொடுப்பார்கள்? அது சாக்கடை வழியாகக் குளத்துக்குப் போனால் மீன்கூட முகம் சுளிக்காது. துணியில் அழுக்கு போகுமா என்பதில்தான் கொஞ்சம் கருத்து வேறுபாடு.

அன்று மேலாளர் கறைத்துணிகளைப் பார்க்கும் நாள். வெளுத்திருந்தால் திரவம் கடைக்குப் போகும். இல்லையென்றால் நுரையார் பாட்டில் மூடிப் பிரிவுக்குப் போவார்.

இயந்திரம் பொய் சொல்லும், வீட்டு வாளிதான் உண்மை சொல்லும் என்பது அவர் கொள்கை. அதனால் எண்ணெயும் சேறும் தடவிய வெள்ளைத் துண்டுகளை முந்தின மாலையே வீட்டில் தன் திரவத்தில் அலசிக் கொடியில் போட்டிருந்தார். காலையில் பல்கூட விளக்காமல் ஓடிப் பார்த்தால், துண்டுகள் கண்ணைப் பறித்தன.

"ஏய், இங்க வா! நான் சொன்னேன்ல?"

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நல்லாத்தாங்க இருக்கு" என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். இழுத்த வேகம் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் பெருமை கண்ணை மறைத்தது.

பேருந்தில் துணிப்பையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். எலுமிச்சை வாசம் மூக்கில் ஏறியது. அவருடைய திரவத்துக்கு வாசமே கிடையாது. போனை எடுத்தார்.

"என்னடி பண்ணின?"

"கோவிச்சுக்காதீங்க. பழுப்பேறித் தொங்குச்சு. எதிர்வீட்டு அக்கா பார்த்தா, சோப்பு வாங்க வக்கில்லயான்னு கேப்பாங்க. விடிகாலைல எந்திரிச்சு உங்க கம்பெனி பழைய பவுடர்ல ஒரு கசக்கு கசக்கிட்டேன்."

"மானத்த வாங்கிட்டியே!"

"வாங்கலங்க, காப்பாத்தினேன்."

ஆய்வகத்தில் மேலாளர் துண்டை வெளிச்சத்தில் பிடித்தார். "அடடா! வாசனை வேற சேர்த்துட்டீங்களா?"

சும்மா தலையாட்டினால் போதும். நுரையாருக்கு நாற்காலியில் முள் முளைத்தது. வாயைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

"சார்... இது நான் வெளுத்தது இல்ல. என் சம்சாரம் பழைய பவுடர்ல வெளுத்தது."

மேலாளர் துண்டைக் கீழே வைத்தார். "எல்லார் வீட்டுலயும் இதத்தானேய்யா செய்வாங்க? முதல்ல உங்க திரவம், அப்புறம் பவுடர். குளத்துக்கு அதே பழைய அழுக்குதான்! அந்தம்மாவையே உங்க திரவத்துல மட்டும் வெளுக்கச் சொல்லுங்க. ஒரு வாரம் தர்றேன். மூடிப் பிரிவு எங்கயும் ஓடிடாது."

மாலையில் மனைவி வாளிக்குள் கையை விட்டுத் துழாவினாள். "நுரையே காணோமே. வேலை செய்யுதான்னு நமக்குத் தெரியல, அதுக்காவது தெரியுமாங்க?"

"கசக்கு, சொல்றேன்."

"ஒரே ஒரு சிட்டிகை பவுடர்..."

"மூச்!"

நுரையார் பவுடர் டப்பாவைக் கைக்குழந்தைபோல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வாளிக்கும் கொடிக்கும் நடையாய் நடந்தார்.