நாலாவது தட்டு

எங்கள் வீட்டு வாசலில் யாரோ வைத்துவிட்டுப் போன எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கழுவி ஜூஸ் போட்டுக் குடித்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சத்தைக் கேட்டதும் இவள் எதற்கெடுத்தாலும் பயந்து சாகிறவள் என்று நினைத்துக்கொள்வீர்கள். ஓசூர் பக்கம் மத்திகிரியில் ஒரே சுவரை ஒட்டி வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் வீடுகளில் ஒன்றில் நானும் என் வீட்டுக்காரர் சேகரும் குடியிருக்கிறோம். அமாவாசை அன்று தலைக்குக் குளித்துவிட்டு வெளியே போகாதே என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் நான் அன்றைக்குத்தான் குளிப்பேன். கம்பெனியில் எனக்கு வேலையே பார்ப்பதுதான். பெல்ட்டில் வரும் சின்னச் சின்ன பார்ட்டுகளைப் பார்த்து, கீறல் இருந்தால், பிசிறு இருந்தால் எடுத்து ஒதுக்க வேண்டும், என் கண்ணைத் தாண்டி ஒன்று போனது என்று சூப்பர்வைசர் இதுவரை சொன்னதில்லை. அப்படிப்பட்ட நான் அன்றைக்குக் காலை முழுக்க ஒரு ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அது யார் என்று கேட்காமலே இருந்திருக்கிறேன். அதுதான் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

சேகருக்குப் போனில் மீன் பிடிக்கிற வீடியோ பார்த்துப் பார்த்து ஆசை வந்து, ஆன்லைனில் ஒரு தூண்டில் வாங்கி வைத்திருந்தார். மனிதருக்கு நீச்சல் தெரியாது. அவருடன் ஒரே ஷிப்டில் மிஷின் ஓட்டும் நஞ்சப்பாவுக்குக் கெலமங்கலம் பக்கம், வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள், எங்களோடு தமிழ்தான் பேசுவான், என்னை அக்கா என்பான், சின்ன வயதிலிருந்தே ஏரியில் குதித்து வளர்ந்தவன். மாசி முடியப் போகிறது, இப்போதுதான் கெண்டை சினையோடு கரைக்கு வரும், ஒரு ஞாயிற்றுக்கிழமை போகலாம், அங்கேயே ஆக்கிச் சாப்பிடலாம் என்று அவன்தான் கிளப்பிவிட்டான். உத்தனப்பள்ளி தாண்டி உள்ளே ஒரு ஏரி. பெயர் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் அதில் ஆடு மாடு தண்ணீர் குடிக்கிறது, ஜனங்கள் துணி துவைக்கிறார்கள், நான் எதையாவது சொல்லி வைத்தால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

இரண்டு பைக்கில் போனோம். நானும் சேகரும் ஒன்றில், நஞ்சப்பா தனியாக ஒன்றில். நம்ம பக்கத்துக் காலைக் குளிர் தெரியும்தானே, மாசியிலும் ஸ்வெட்டர் இல்லாமல் முடியவில்லை. ஏரி மேல் பனி புகை மாதிரி நின்றது. கரை ஓரத்தில் புங்கமரம் புதுத் துளிர் விட்டிருந்தது, அதன் அடியில் சாமான்களை இறக்கினோம். நஞ்சப்பா சேகரிடம், "அண்ணா, அந்தப் பக்கம் போய்ராதீங்க, போன வருசம் லாரி லாரியா மண்ணு அள்ளிட்டாங்க, பள்ளம் கிடக்குது, முழங்கால் தண்ணி மாதிரி தெரியும், அடுத்த அடி ஆள் முழுகும்" என்று கையைக் காட்டிச் சொன்னான். சேகரும் தலையை ஆட்டினார்.

இரண்டு பேரும் மாவு உருண்டை குத்தித் தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். ரொம்ப நேரம் ஒன்றும் கடிக்கவில்லை. நான் கல் கூட்டி அடுப்புப் போட்டு, சுள்ளி பொறுக்கிக்கொண்டு வந்து நிமிர்ந்து பார்த்தபோது அவர்கள் இருவருக்கும் நடுவில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். தலையோடு சேர்த்து ஒரு பழுப்புத் துண்டைப் போர்த்தியிருந்தார். எப்போது வந்தார், எந்தப் பக்கமிருந்து வந்தார், நான் பார்க்கவில்லை. நஞ்சப்பாவுக்கு இது சொந்த ஊர்ப் பக்கம், மாமாவோ சித்தப்பாவோ வந்திருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். இதில் நினைக்க என்ன இருக்கிறது, நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

அவரிடம் தூண்டில் இல்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே எங்காவது கையை நீட்டுவார், அங்கே போட்டால் தக்கை மூழ்கும். நம்பினால் நம்புங்கள், அதுவரை செத்த மாதிரி கிடந்த ஏரியில் அதற்கப்புறம் வரிசையாக மீன். பொன் நிறச் செதிலும் வாயோரம் மீசையுமாகக் கெண்டை, ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம், வயிறு சினையால் உப்பிக் கிடந்தது. சேகர் சின்னப் பையன் மாதிரிக் குதித்தார். நான் செதில் உரசி, சாம்பலும் உப்பும் போட்டு அலசி, துண்டு துண்டாக அறுத்தேன். அப்போது அந்த ஆள் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"தலைய எனக்கு வெய்யி பாப்பா. புளி கொஞ்சம் தூக்கலா ஊத்து."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் அம்மா வீடு அரூர் பக்கம். அங்கே பெரியப்பா, மாமா எல்லோரும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள், கல்யாணமாகி ஓசூர் வந்த பிறகு அப்படிக் கூப்பிட ஆள் இல்லை, சேகருக்கு நான் வெறும் 'மே'தான். அந்த இழுவையும் எங்கள் ஊர் இழுவைதான். சரிங்க என்று சொல்லிவிட்டுப் புளியை இன்னும் கொஞ்சம் கரைத்து ஊற்றினேன். சின்ன வெங்காயம், பூண்டு, வெந்தயம் தாளித்து, மிளகாய்த்தூள் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு மீனைப் போட்டேன். குழம்பு தளதளவென்று கொதித்ததை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். தலையையும் அதிலேதான் போட்டேன். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

பனி விலகி வெயில் சுள்ளென்று அடித்தது, உச்சிப்பொழுது. பாக்குமட்டைத் தட்டுகளை எடுத்து நாலு தட்டுப் போட்டேன். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன கேழ்வரகுக் களியை ஆளுக்கொரு உருண்டை வைத்துக் குழம்பை ஊற்றினேன். அவர் தட்டில் தலையை வைத்தேன். இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டபோது போதும் என்று தட்டின் மேல் கையை வைத்து மறைத்தார். அந்தக் கை, நாள் பூராவும் துணி துவைத்தவள் கை மாதிரி, விரல் நுனி எல்லாம் வெளுத்துச் சுருங்கி ஊறிப் போயிருந்தது. காலையிலிருந்து அவர் தண்ணீரில் கை வைத்து நான் பார்க்கவில்லை. அது அப்போது உறைக்கவில்லை.

சேகர் எப்போதும் அவசரமாகச் சாப்பிடுகிறவர், முதலில் எழுந்தார். "கைய கழுவிக்கினு வந்துர்றேன்" என்று அந்த ஆளும் கூடவே எழுந்தார். இரண்டு பேரும் தண்ணீர்ப் பக்கம் போனார்கள். நான் என் தட்டைப் பார்த்தபடியே நஞ்சப்பாவிடம் கேட்டேன்.

"உங்க மாமாவுக்குக் கொழம்பு புடிச்சுதா நஞ்சப்பா? தலையக் கேட்டு வாங்கினாரு, ஒண்ணும் சொல்லலியே."

அவன் வாயில் வைத்த களியோடு என்னைப் பார்த்தான்.

"எங்க மாமாவா? சேகர் அண்ணனுக்குச் சொந்தம்னு நெனச்சேனே அக்கா."

அடுத்த நொடி நாங்கள் இருவரும் ஏரியைத் திரும்பிப் பார்த்தோம்.

சேகர் மட்டும்தான் இருந்தார். இடுப்பளவு தண்ணீரில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போய்க்கொண்டிருந்தார். நஞ்சப்பா போகாதே என்று சொன்ன அதே பக்கம். நான் கத்தினேன்.

"ஏங்க! ஏங்க, திரும்புங்க! அங்க பள்ளம்!"

என் குரல் கேட்டதும் அவர் வேகமாகப் போனார். திரும்பவே இல்லை. நான் இன்னும் பலமாகக் கத்தினேன், அவர் இன்னும் வேகமாகத் தண்ணீரைக் கையால் தள்ளிக்கொண்டு போனார். என் தொண்டையை நானே பிடித்துக்கொள்ள வேண்டும் போல எனக்கு ஏன் தோன்றியது என்று தெரியவில்லை, ஆனால் தோன்றியது. நெஞ்சளவு. அப்புறம் தலை மட்டும். அப்புறம் அதுவும் இல்லை.

"அய்யோ தேவ்ரே" என்று கன்னடத்தில் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே நஞ்சப்பா பாய்ந்தான். அவன் முங்கிய இடத்தில் குமிழிதான் வந்தது. நான் கரையில் நின்று என்ன செய்தேன் என்று சத்தியமாக நினைவில்லை, சேலையெல்லாம் நனைந்திருந்தது, அதனால் நானும் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும். சட்டைக் காலரைப் பிடித்து அவன் சேகரை இழுத்துக்கொண்டு மேலே வந்தபோது இவர் அவனை அடித்தார், கடித்தார், விடு விடு என்று திமிறினார். எப்படியோ கரையில் கொண்டுவந்து போட்டான். தண்ணீரைக் கக்கிவிட்டுக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தவர், நான் என்னவோ ஆகாத ஒன்று மாதிரிப் பின்னால் நகர்ந்தார்.

"நீ எப்படி இங்க வந்த?"

"நான் இங்கதானே இருக்கேன். காலையிலருந்து இங்கதானே இருக்கேன்."

"இல்ல மே. நீ தண்ணியில இருந்த. பள்ளத்துல நின்னுக்கினு ஏங்க ஏங்கன்னு கத்தின. முன்னாடியிலருந்து கத்தின. நான் உன்னப் புடிக்கத்தான் ஓடினேன்."

நஞ்சப்பா எழுந்து சுற்றிப் பார்த்தான். வெட்டவெளி. அந்தப் புங்கமரத்தை விட்டால் ஒரு புதர் இல்லை, ஒரு பாறை இல்லை, தூரத்தில் ரோஜா வளர்க்கிற பிளாஸ்டிக் கூடாரங்கள் வரைக்கும் காய்ந்த நிலம். அந்த ஆள் எந்தப் பக்கம் ஓடியிருந்தாலும் தெரிந்திருக்கும்.

போகலாம் என்று சாமானை அள்ள மரத்தடிக்கு வந்தேன். அந்த ஆளுடைய தட்டு அப்படியே இருந்தது. களி கலையவில்லை. தட்டில் நான் வைத்த மீன் தலை பச்சையாகக் கிடந்தது. வேகாத தலை. செவுள் சிவப்பாக, கண் ஈரமாகப் பளபளத்துக்கொண்டு, இப்போதுதான் அறுத்த மாதிரி, அடியில் ரத்தம் தட்டில் ஊறியிருந்தது. அதே குண்டானில், அதே குழம்பில் வெந்த மீனைத்தான் நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டிருந்தோம். நஞ்சப்பா அங்கேயே வாந்தி எடுத்தான். குண்டான், தூண்டில், மிச்ச மீன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வண்டியை எடுத்தோம். தனியாக வர மாட்டேன் என்று நஞ்சப்பா தன் வண்டியை அங்கேயே விட்டுவிட்டான், ஒரே வண்டியில் மூன்று பேரும் வந்தோம். மறுநாள் அவன் அண்ணன்கள் போய் எடுத்து வந்தார்கள்.

ராயக்கோட்டை ரோடு ஏறி, பஸ்ஸும் லாரியும் போகிற சத்தம் கேட்ட பிறகுதான் வண்டியை நிறுத்திப் பேசினோம். அந்த ஆள் உன்னிடம் என்ன சொன்னார் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். எங்கள் அரூர்த் தமிழில் பேசினாரே என்றேன். நஞ்சப்பா அடித்துச் சொன்னான், "இல்லக்கா, கன்னடம். எங்க வீட்டுக் கன்னடம். என்கிட்ட ஒரு வார்த்தை தமிழ் பேசல." சேகரைக் கேட்டோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவரிடம் பேசவே இல்லையாம். அவருக்குக் கேட்டது என் குரல் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து, ஊறப் போட்டிருந்த களிப் பானையைக் கழுவும்போதுதான் இன்னொன்று தோன்றியது. விடியற்காலையில் களி கிண்டி உருட்டியது நான். மூன்று பேர் போகிறோம் என்று தெரிந்தே நாலு உருண்டை உருட்டிக் கட்டியிருக்கிறேன். எதற்கு என்று யோசித்ததாகவே ஞாபகம் இல்லை.

கம்பெனியில் சொன்னேன். வெயில் தலைக்கு ஏறினால் அப்படித்தான் தெரியும் என்றார் சூப்பர்வைசர். மூன்று பேர் தலைக்கும் ஒரே ஆளாகவா சார் ஏறும் என்று கேட்டேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார். பக்கத்து வீட்டு அக்கா அந்த ஏரியில் யார் செத்தார்கள் என்று விசாரிக்கச் சொன்னாள். நான் விசாரிக்கவில்லை. ஒரு பெயர் கிடைத்துவிட்டால் அது இன்னும் கிட்டே வந்துவிடும் போல இருக்கிறது.

சேகருக்குக் கொஞ்ச நாள் காய்ச்சல் அடித்தது, சரியாகிவிட்டது. வேலைக்குப் போகிறார், வருகிறார், வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் இப்போதெல்லாம் நான் கூப்பிட்டால் உடனே பதில் வராது. முதலில் தலையைத் தூக்கி நான் எங்கே நிற்கிறேன் என்று பார்ப்பார், என் வாய் அசைகிறதா என்று பார்ப்பார், அப்புறம்தான் ம் என்பார். அதற்கு நான் பழகிவிட்டேன். அவர் முன்னால் வந்து நின்றுதான் கூப்பிடுகிறேன்.

போன வாரம் சாயங்காலம் சமையல் மேடையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவர் பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தார். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, சட்டென்று நின்றது. உள்ளேயிருந்து சொன்னார்:

"வரேன் மே. கத்தாத, வந்துட்டேன்."

நான் வாயே திறக்கவில்லை.