பாவாடையால் துடைத்த இருக்கை

வெள்ளிமலைக்குப் பேருந்துகள் மீண்டும் ஓடுகின்றன. பாதையில் சரிந்த மண்ணை அகற்றிவிட்டதாகக் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் நடத்துநரே உறுதிப்படுத்தினார். மழையால் தள்ளிப்போன கல்வராயன் மலைப் பயணம் இன்று, சனிக்கிழமை, கைகூடியது.

காலை ஆறரை மணி வண்டி. என் பக்கத்தில் ஆறு வயதுச் சிறுமி. முன் இருக்கையில் அவள் அம்மா, மடியில் பையோடு. ரிஷிவந்தியம் பக்கத்து விவசாயக் கூலித் தொழிலாளி. மலையில் தங்கை வீடு. நாளை ஊர் திரும்புகிறார்கள். திங்களன்று மகளை டவுன் பள்ளியில் சேர்க்கிறார். "அங்க நாங்க யாருன்னு யாருக்கும் தெரியாதுங்க," என்றார். அதற்காகவே அந்தப் பள்ளியாம்.

கச்சிராயபாளையத்தில் கூட்டம் ஏறியது. அதில் வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர். அவர் எங்கள் பக்கம் பார்க்கக்கூட இல்லை. சிறுமி எழுந்தாள். பாவாடை நுனியால் இருக்கையைத் துடைத்துவிட்டு, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள். அவர் வந்து உட்கார்ந்தார்.

எத்தனையோ ஊர்களில் செய்தி சேகரித்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அம்மா மகளைக் கிட்டே இழுத்தார்.

"அவரு யாருன்னு தெரியுமாடி உனுக்கு?"

"தெரியாது."

"பின்ன இன்னாத்துக்கு தொடச்ச? யாரு சொன்னா?"

"நெலத்துக்காரரு வந்தா நீ அப்டிதான சேரைத் தொடைப்ப."

மலையின் முதல் வளைவு தாண்டியதும் அம்மா வேட்டிக்காரர் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, கொஞ்சம் எழுந்துக்கினீங்கன்னா... எம்பொண்ணு குந்திக்கினு வந்த சீட்டு அது."

"நானா எழுப்பினேன்? அதுவாதானம்மா எழுந்துச்சு."

"நீங்களும் தானாவே எழுந்துடுங்க சார், சரியாப் போவும்," என்றார் நடத்துநர். சிலர் சிரித்தார்கள். வேட்டிக்காரர் எழுந்துவிட்டார்.

சிறுமி உட்காரவில்லை. "குந்துடி" என்று அம்மா கெஞ்சியும் கம்பியை விடவில்லை. நிற்கவே இடமில்லாத வண்டியில், அவளுக்கென்று எல்லோரும் விட்டுவைத்த அந்த இருக்கை வெள்ளிமலை வரை காலியாகவே வந்தது.

"நில்லுன்னு ஒருநாளும் சொன்னதில்லீங்க," என்றார் அம்மா, இறங்கும்போது. "குந்துன்னு சொன்னா கேக்க மாட்டேங்குது."

போகிறவர்களுக்கு: கச்சிராயபாளையத்துக்கு முன்பே ஏறினால்தான் இடம் கிடைக்கும். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், வளைவுகளில் குமட்டும்.

நாளை மாலை வண்டியில் அவர்கள் மலை இறங்குகிறார்கள். அதே நடத்துநர்தான் பணியில். சிறுமி உட்கார்ந்தாளா என்று கேட்டால் சொல்வார். வகுப்பறையில் என்ன செய்வாள் என்பது திங்கள் காலை ஒன்பதுக்குத்தான் தெரியும்.