எஞ்சின் நம்பர் மட்டும் போதாது

லாரி உதிரிபாகக் கடை நடத்தும் நம்பரக்காவிடம் வண்டிச் சட்டத்தில் குத்திய சேஸிஸ் நம்பர் இல்லாமல் போய் நின்றால் அவ்வளவுதான். "எஞ்சின் நம்பர மட்டும் வெச்சுக்கிட்டு நான் என்ன ஜோசியமா பாக்கறது?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவாள். எஞ்சினைக் கழற்றி வேறு வண்டியில் மாட்டலாம், வண்டியின் சட்டத்தை மாற்ற முடியுமா? இருபது வருடமாக இதையே சொல்லிச் சொல்லி அவள் தொண்டை வற்றியிருக்கிறது. அப்படிப்பட்டவளே அந்தத் தப்பைச் செய்தாள் என்றால் யாரிடம் போய்ச் சொல்ல?

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், காட்டில் தேன் எடுத்து விற்கும் தேன்காரர் ஒரு தகட்டைக் கடைக்குக் கொண்டுவந்தார். ஓட்டை வாளிக்கு ஒட்டுப்போட அது ஆகுமா என்று கேட்க வந்தவர். அவளோ அதன் ஓரத்தில் குத்தியிருந்த நம்பரைப் பார்த்துவிட்டு, வாளியை மறந்துபோனாள்.

"இது எங்க கிடைச்சது?"

"மேல ஒரு ஏரோப்பிளேன் கிடக்குக்கா. அந்தக் காலத்து உலகச் சண்டையில விழுந்தது."

அன்று பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. ஞாயிறு வந்தால் தேன்காரரோடு மலையேறிவிடுவாள். ஒரு ஆணியைக்கூட எடுத்துவர மாட்டாள். சாக்பீஸ் தூள் தடவி நம்பரைத் துலக்கிப் படம் எடுப்பாள், அளப்பாள், நோட்டில் வரைவாள், ராணுவ ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப்போடுவாள். இதுவரை பதினோரு விமானங்கள். டவுன் பஸ் ஓட்டும் அவள் கணவருக்கு இது நல்ல வேடிக்கை. "ஊர்ல எல்லாரும் ஞாயித்துக்கிழமை தூங்குவாங்க. என் பொண்டாட்டி மட்டும் அட்டைப்பூச்சிக்கு ரத்ததானம் பண்ணப் போவா" என்பார். சொல்லிக்கொண்டே அவள் பூட்ஸில் உப்புத்தண்ணீர் தெளித்தும் வைப்பார்.

ஏழாவது விமானத்தில்தான் வினை. அன்று பேய்மழை. எஞ்சின் மட்டும் ஓடையில் கிடந்தது. உடல் மேலே, மூங்கில் புதருக்குள். ஏற முடியவில்லை. எஞ்சின் நம்பரை எழுதிக்கொண்டு இறங்கிவிட்டாள். காப்பகத்திலிருந்து பதில் வந்தது: அந்த எஞ்சின் இன்ன விமானத்தினுடையது, ஓட்டியவர் திரும்பவேயில்லை, அவருக்கு ஒரு மகள்.

அந்த மகள் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அப்பா போனபோது கைக்குழந்தை. மூன்று வருடத்துக்கு முன்னால் நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கிவர, ஓடைக்கரைக்கு வந்தார். அப்பா பெயர் பொறித்த கல்லை நட்டார். "இனிமே எனக்கு நல்லாத் தூக்கம் வரும்மா" என்று நம்பரக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மாதம் ஒருமுறை போனில் கூப்பிடுவார்.

போன ஆவணியில் ஒரு லாரி டிரைவர் கடைக்கு வந்து, வாங்கிப்போன எஞ்சின் சாமான் பொருந்தவில்லை என்று சத்தம் போட்டார். நம்பரக்கா புத்தகத்தைப் புரட்டினாள். சேஸிஸ் நம்பருக்குப் புத்தகப்படி சரியாகத்தான் கொடுத்திருக்கிறாள்.

"எஞ்சின் மாத்தி ரெண்டு வருஷமாச்சுக்கா. இது வேற வண்டி எஞ்சின்" என்றார் அவர், சாவகாசமாக.

நம்பரக்கா டிரைவரை மறந்து, எழுந்துபோய் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தாள். ஏழாவது விமானத்தின் பக்கத்தில் எஞ்சின் நம்பர் மட்டும்தான் இருந்தது. உடலின் நம்பருக்கு விட்ட இடம் காலி. சண்டைக் காலத்தில் எஞ்சின் மாற்றாமலா இருந்திருப்பார்கள்?

வீட்டில் சொன்னபோது கணவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

"அந்தம்மா நிம்மதியா இருக்காங்க. எதுக்குக் கிளறணும்? விட்டுடேன்."

"தப்பா இருந்தா, அங்க இருக்கிறவர் வேற யாரோங்க. அவர் வீட்டுலயும் யாராவது காத்துக்கிட்டு இருந்திருப்பாங்கல்ல?"

அந்த ஞாயிறு முதல்முறையாகக் கணவரும் அவளோடு மலையேறினார். வழியெல்லாம் மூச்சு வாங்கினார், ஆனால் ஒரு கிண்டலும் செய்யவில்லை.

தேன்காரர் மூங்கிலை வெட்டி வழி செய்தார். விமானத்தின் உடலை வேர்கள் இறுக்கிப் பிடித்திருந்தன. ஓட்டுநர் இருக்கையின் இடதுபக்கம், கீழே, சின்னத் தகடு ஒன்று அடித்திருக்கும். அங்கேதான் உண்மையான நம்பர். நம்பரக்கா குப்புறப் படுத்து உள்ளே கைவிட்டு, பல்தேய்க்கும் பிரஷ்ஷால் மண்ணைச் சுரண்டி, சாக்பீஸ் தூள் தடவினாள். டீச்சரின் அப்பா ஓட்டிய விமானத்தின் நம்பர் அவளுக்கு மனப்பாடம், கடைசி இரண்டு இலக்கம் நாற்பத்தொன்று. இங்கே பதினேழு.

அங்கேயே படுத்தபடி அழுதுவிட்டாள். கணவர் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

இரண்டு வாரத்தில் காப்பகத்திலிருந்து விவரம் வந்தது. டீச்சரின் அப்பாவுடைய விமானத்துக்கு எஞ்சின் மாற்றியிருக்கிறார்கள், கழற்றியது இதில் ஏறியிருக்கிறது. இதை ஓட்டியவருக்கு இருபத்திரண்டு வயது, கல்யாணமாகவில்லை. டீச்சரின் அப்பா கடைசியாகப் பறந்தது அடுத்த மலைத்தொடருக்கு மேலே.

கடையைச் சாத்திவிட்டு நம்பரக்கா போன் போட்டாள். மென்று விழுங்காமல் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள். சொல்லியும்விட்டாள். "தப்பு என்மேலதான் டீச்சரம்மா. மழைன்னு பாதியில இறங்கிட்டேன். எப்படி மன்னிப்புக் கேக்கறதுன்னு தெரியல."

அந்த இருபத்திரண்டு வயதுக்காரரைப் பற்றியும், அடுத்த மலைத்தொடரைப் பற்றியும் சேர்த்தே சொன்னாள்.

"மூணு வருஷமா தினமும் அந்தக் கல்லு போட்டோகிட்ட பேசறேன்" என்றார் டீச்சர். "முட்டி வலி, மருமக கோபம், பேத்தி பரீட்சை, எல்லாம். பாவம், அந்தப் பிள்ளையா இதையெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்துச்சு?"

அழுகிறாரா சிரிக்கிறாரா என்று நம்பரக்காவுக்குப் புரியவில்லை. இரண்டும்தான்.

"அவங்க வீட்டுல யாராவது இருந்தா முதல்ல கண்டுபிடி. உங்க பிள்ளை மூணு வருஷமா தனியா இல்லைன்னு நானே சொல்றேன். அந்தக் கல்லுல அவர் பேரப் போடச் சொல்லு."

"சரிங்க டீச்சரம்மா."

"அப்புறம் எங்கப்பாவத் தேடு. எனக்கு எண்பத்திரண்டு ஆச்சு, கொஞ்சம் வேகமா நட."