பல்லக்காவின் முள்ளங்கி

முள்ளங்கியைக் கையில் எடுத்ததும் பல்லக்கா கைப்பையைத் திறந்து, மாதிரிப் பற்கள் வரிசையாகக் குத்தி நிற்கும் பட்டையை வெளியே எடுக்கிறார். ஒவ்வொரு பல்லாக முள்ளங்கியோடு ஒட்டிவைத்து நிறம் பார்க்கிறார். "இது ஏ-ரெண்டு. மஞ்சள் அடிக்குது. ஏ-ஒண்ணு இல்லையா?" காய்கறிக் கடைக்காரர் இப்போதெல்லாம் அதிர்வதில்லை. "எல்லாம் இன்னிக்குக் காலைல முளைச்ச பல்லுதாங்க்கா. பயப்படாம எடுத்துக்கங்க."

பல்செட் செய்யும் கூடத்தில் பல்லக்காவுக்கு வேலை. மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களை நிரப்பித் தருவார். அவற்றின் சொந்தக்காரர்களைப் பார்த்ததே இல்லை. பார்த்துப் பழகிய ஒரே வாய் மாமனாருடையது. அதற்குத்தான் இழைத்து இழைத்து ஒரு செட் செய்தார். பெரியவர் ஒரே ஒரு முறை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் சிரித்துப் பார்த்தார். "யாரோட வாயோ மாதிரி இருக்கும்மா" என்று கழற்றி வைத்தவர்தான். பாலில் ஊறிய ரொட்டியே ஆகாரம் என்றானதும் சட்டைக் காலருக்குள் அவர் கழுத்து தனியாக ஆட ஆரம்பித்தது. "ஒண்ணு பல்லப் போட வைங்க, இல்ல வேற ஏதாவது சாப்பிட வைங்க" என்றார் மருத்துவர். செய்தவளே போய்க் கெஞ்சுவதா? பல்லக்கா ஜப்பானியச் சமையல் புத்தகம் பக்கம் போய்விட்டார்.

அது ஏன் ஜப்பானியச் சமையல் என்றால், பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒன்றின் அட்டையில் வெந்த முள்ளங்கி இருந்தது. "இந்தப் பளபளப்பு பீங்கான் பல்லுலகூட வராதுங்க." இன்று ஓர் அலமாரித் தட்டு நிறைய அந்தச் சமையல் புத்தகங்கள் இருக்கின்றன. சில ஆங்கிலத்தில், பல ஜப்பானியத்தில். ஜப்பானியத்தில் உள்ளவற்றைத்தான் அவர் அதிகம் நம்புகிறார். "படிக்கத் தெரியாததால தப்பாப் புரிஞ்சுக்க வழியே இல்ல பாருங்க."

வழி இருந்தது. படத்தில் கோபோ என்றொரு வேரைப் பார்த்து, விரல் நீளம் என்று நம்பி ஒரு கட்டு வரவழைத்தார். வந்தவை ஓர் ஆளின் கை நீளம். கதவைத் திறந்து வாங்கிய கணவர் உள்ளே திரும்பி, "குடை ரிப்பேருக்குக் குடுத்திருந்தியா?" என்றார்.

அடுப்படியிலும் அவர் பல் வேலைக்காரிதான். வட்ட முள்ளங்கித் துண்டுகளின் ஓரங்களைக் கத்தியால் நீவி மழுக்குகிறார். "கூர் இருந்தா வேகும்போது உடையும்." அடிப்பக்கத்தில், யார் கண்ணிலும் படாதபடி, கூட்டல் குறி போல ஒரு கீறல். முதல் வேக்காடு அரிசி கழுவிய தண்ணீரில். பிறகு சாற்றில் கொதிக்கும்போது, பாத்திரத்தைவிடச் சின்ன மூடி ஒன்றைக் காயின் மேலேயே படுக்கவைக்கிறார். முதல் நாள் கணவர் இதைப் பார்த்துப் பதறி, "மூடி உள்ள விழுந்துடுச்சு" என்று கரண்டி விட்டு மீட்டு, வேறு மூடி போட்டு, பாராட்டுக்காக நின்றார். கிடைத்தது வேறு.

உருவம் குலையாமல், நாக்கால் அழுத்தினாலே கரையும் முள்ளங்கி. மாமனார் தட்டு காலியானது. பூசணியும் கத்தரியும் அதே வழியில் உள்ளே போயின. காலர் மெல்ல இறுகியது. "இனிமே பல்லே வேணாம்மா, இது போதும்" என்று அவர் மனமார வாழ்த்தினார். பல்செட் செய்கிறவருக்கு இதைவிடப் பெரிய திட்டு கிடையாது. அன்று பல்லக்கா இரண்டு பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினார்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அவர்கள் மேசையில் இருந்தேன். மாமனாருக்கு வழக்கமான முள்ளங்கி. எங்களுக்குத் தாமரைக்கிழங்கு: மெல்லிய சில்லுகளாக அரிந்து, எள் தூவி வதக்கியது. மொறுக் மொறுக்கென்று கூடமே அதிர்ந்தது.

"என்னம்மா சத்தம்?"

"கிழங்கு மாமா."

"எனக்கு?"

"அது கடிக்கணும் மாமா."

குரலில் துளிக் குறும்பு இல்லை. அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது.

பெரியவர் எழுந்து அறைக்குள் போய்விட்டார். "கோவிச்சுக்கிட்டாரு. தேவையா உனக்கு?" என்றார் கணவர். அவர் வாய் மூடுவதற்குள் பெரியவர் கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி திரும்பி வந்து உட்கார்ந்தார். மகனின் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். மொறுக்.

பல்லக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துக் காதால் கேட்டார். "வலது பக்கப் பல்லு முதல்ல படுது. துளி உரசினாச் சரியாயிடும். கழட்டிக் குடுங்க மாமா." உள்ளங்கையை நீட்டினார்.

மாமனார் முழங்கையால் கிண்ணத்தை வளைத்துக்கொண்டு, நாற்காலியோடு சுவர்ப்பக்கம் திரும்பி, அடுத்த சில்லைக் கடித்தார்.