யார் கையால் தாலி

அரிமளத்தில் ஐயாவின் வீட்டுக்குள் நாங்கள் நுழைந்ததும், அவர் தன் நாற்காலியை விட்டு எழுந்து அம்மாவை அதில் உட்காரச் சொன்னார். மின்விசிறிக்கு நேராக இருந்த ஒரே நாற்காலி அது. அம்மா கூச்சத்தோடு நுனியில் உட்கார்ந்தாள். அப்பா இறந்த பிறகு எந்த விசேஷ வீட்டிலும் அம்மாவுக்கு யாரும் நாற்காலி இழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. என் கல்யாணத்தை இவர்தான் நடத்தி வைக்க வேண்டும் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

ஐயா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். புரோகிதர் இல்லாமல், தமிழில் உறுதிமொழி சொல்லி நடக்கும் கல்யாணங்களுக்குத் தலைமை தாங்குவார். அவருக்கு முன் இரண்டு பேரைப் போய்ப் பார்த்திருந்தோம். ஒருவர், மேடையில் வேறு யார் யார் பேசுகிறார்கள் என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார். இன்னொருவர், “பொண்ணு எதுக்கு வந்துச்சு, பெரியவங்க வந்து பேசட்டும்” என்றார். ஐயா மட்டும்தான் என் முகத்தைப் பார்த்து, “ஒனக்கு எப்படி நடக்கணும்? மொதல்ல அதைச் சொல்லு” என்றார். எனக்கு ஒரே ஆசைதான் இருந்தது. அம்மா தாலி எடுத்துக் கொடுக்க வேண்டும். எனக்கு எட்டு வயதாகும்போது அப்பா போய்விட்டார். கந்தர்வக்கோட்டையில் முந்திரிக்கொட்டை உடைத்துத்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தாள். கொட்டைத் தோலின் பால் பட்டுக் கறுத்த விரல்கள் கடைசிவரை வெளுக்கவே இல்லை. என் கழுத்தில் ஏறும் தாலியை அந்த விரல்கள் தொடாவிட்டால் வேறு யார் தொட்டு என்ன?

அடுத்து வந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் ஐயா வீட்டில்தான். நானும் எனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையும் உறுதிமொழியை எழுதி எழுதிக் காட்டுவோம். பெரிய பெரிய சொற்களைப் பென்சிலால் அடித்துவிட்டு, “வாயில வராத வார்த்தை வாழ்க்கையில வராதும்மா” என்பார். கடைசி ஞாயிறு, ஒரு தாம்பாளத்தில் மஞ்சள் கயிற்றை வைத்து அம்மாவை எடுத்துக் கொடுக்கச் சொல்லிப் பழக்கினார். அம்மாவின் கை நடுங்கியது. “நடுங்கக் கூடாது தங்கச்சி. ஊரே பாக்கட்டும்” என்றார். இரண்டாம் முறை நடுங்கவில்லை.

கல்யாணத்தன்று உறுதிமொழி முடிந்தது. ஐயா பெயர் சொல்லி அழைக்க, அம்மா மேடையேறித் தாம்பாளத்தின் பக்கம் கையை நீட்டினாள். முன் வரிசையிலிருந்து மாப்பிள்ளையின் அத்தை எழுந்தார்.

“அறுத்தவ கையால எடுத்துக் குடுத்தா எங்க புள்ள என்னத்துக்கு ஆவான்?”

ஐயா மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அம்மாவின் பக்கம் குனிந்தார். “தங்கச்சி, சபையில பிரச்சினை வேணாம். நீங்க மனசால வாழ்த்துங்க, அது போதும்.” அம்மா கையை இழுத்துக்கொண்டாள். ஈரம் பட்டதுபோல் முந்தானையில் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். அத்தை மேலே வந்து எடுத்துக் கொடுத்தார். மாப்பிள்ளை மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டு கால்கள் இருந்தன; எழுந்திருக்கவில்லை. குனிந்து கழுத்தைக் கொடுத்தேன்.

மறுவாரம் ஐயாவிடம் கேட்டேன். “கல்யாணம் நின்னிருந்தா நீதானம்மா அழுதிருப்ப” என்றார். அது உண்மையோ என்னவோ. உண்மையாக இருக்குமோ என்ற பயத்தில்தான் அவரை இன்னும் அதிகமாக வெறுத்தேன்.

நான்கு வருஷம் கழித்துத் திருவரங்குளத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். தலைமை ஐயாதான். வாழ்த்திப் பேசும்போது சொன்னார்: “கணவனை இழந்த ஒரு தாய், பெத்த மகளுக்குத் தன் கையால தாலி எடுத்துக் குடுத்த கல்யாணத்தை நான் நடத்தி வச்சேன். அந்தத் தாய் இந்தச் சபையிலேயே இருக்காங்க. எந்திரிங்கம்மா!”

போகிற மேடையெல்லாம் அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பிவிட்டிருக்கலாம். கத்தப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். அதற்குள் பக்கத்து நாற்காலியில் அம்மா மெல்ல எழுந்து, சபையைப் பார்த்துக் கும்பிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். “பொய்தானேம்மா. ஏன் எந்திரிச்ச?”

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள். “அத்தன பேரு கை தட்டுனாக. நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள்.

போன வருஷம் அம்மா இறந்தபோது துக்கத்துக்கு வந்த பெண்கள், மகளுக்குத் தாலி எடுத்துக் கொடுத்த மகராசி என்று சொல்லி அழுதார்கள். நான் அவர்களை மறுக்கவில்லை.