அந்தத் தரையைத் துடைப்பது யார்?

என் அக்காவுக்கு எதையும் தோண்டித் துருவிப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. பக்கத்து வீட்டில் புது பீரோ வந்தால் அதன் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பாள். அப்படிப்பட்டவளின் கையில், மாமா ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியை வாங்கி வந்து கொடுத்தார்.

மாமா என்றால் அக்காவின் கணவர். பேருந்து ஓட்டுகிறவர். அவருக்குப் பிற்பகலில் தொடங்கும் வேலை, அக்காவுக்கு விடியற்காலையில் தொடங்கும் வேலை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள். இருவரும் சேர்ந்தாற்போல் முகம் பார்ப்பது மாமாவின் விடுமுறை நாளில்தான். நடுவில் நான் ஒருத்தி, முன்னறையில் தையல் மிஷினோடு ஒட்டிக்கொண்டு, இந்த இரண்டு ஷிஃப்ட்டின் கூத்தையும் பார்ப்பவள்.

அந்தப் பெட்டியில் ஒரே ஒரு கேம் இருந்தது. விண்வெளியில் கைவிடப்பட்ட ஒரு நிலையம். உள்ளே ஒரு பெண் இன்ஜினியர் தனியாகக் கண்விழிக்கிறாள். தளம் தளமாக மேலே ஏறி அவள் தப்பிக்க வேண்டும். ஒருவர் மட்டுமே ஆடக்கூடிய கேம்தான், ஆனால் எங்கள் வீட்டில் அதை இரண்டு பேர் ஆடினார்கள். காலையில் மாமா புகுந்து, கண்ணில் பட்ட ரோபோவையெல்லாம் சுட்டுத் தள்ளிவிட்டு அங்கேயே சேவ் செய்துவிட்டுப் போவார். பிற்பகலில் அக்கா வந்து, சண்டை ஓய்ந்த அறைகளில் சாவகாசமாக நடந்து, ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து மூக்கை நுழைப்பாள். வீட்டு வேலையைக்கூட அவர்கள் இவ்வளவு அழகாகப் பங்கு பிரித்ததில்லை.

மூன்றாவது தளத்தில் அக்கா திடீரென்று நின்றாள்.

"ஏய், இங்க வா. இந்தத் தரையைப் பாரு."

"தரைக்கென்ன?"

"எல்லா இடமும் தூசியும் கண்ணாடித் தூளுமா கிடக்கு. இந்த நடைவழி மட்டும் பளிச்சுனு இருக்கே? ஓரத்துல ஈரத் துணி இழுத்த கோடு தெரியுது பாரு. யாரோ துடைக்கறாங்க."

அன்றிலிருந்து அவளுக்கு அந்த இன்ஜினியர் தப்பிக்கிறாளா என்ற கவலையே போய்விட்டது. ஆளில்லாத இடத்தில் தரை துடைப்பது யார்? இதே பேச்சு. நான்காவது தளத்திலும் துடைத்த தடம் இருந்தது. ஐந்தாவது தளத்தில் பாதி நடைவரை இருந்தது. அதற்கு மேல் எங்குமே இல்லை. அக்கா தலையைப் பிய்த்துக்கொண்டாள்.

"யூடியூப்ல போட்டா எல்லாம் சொல்லிடுவாங்கக்கா" என்றேன்.

"அடுத்தவங்க பாத்ததைப் பாத்து எனக்கென்ன? நான் பாக்கணும்."

மாமாவின் விடுமுறை நாளில் விஷயம் அவர் காதுக்குப் போனது. முதலில் சிரித்தார். "கேம் செஞ்சவனுக்குத் தூசி வரைய நேரம் இருந்திருக்காது, விட்டுட்டான்" என்றார். பிறகு, ஐந்தாவது தளம் என்று அக்கா சொன்னதும், வாயில் போட்ட பிஸ்கட்டை மெல்லாமல் நிறுத்தினார்.

"அந்த நடையில, சக்கரம் வெச்சு, முழங்கால் உசரத்துக்கு ஒண்ணு வந்துச்சே..."

"வந்து?"

"கையில நீளமா எதையோ பிடிச்சிருந்துச்சு. துப்பாக்கினு நெனச்சேன்."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. "தரை துடைக்கற கட்டையைப் பாத்தா துப்பாக்கி மாதிரியா இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். பழைய இடத்துக்குத் திரும்பலாம் என்றால், மாமா எப்போதும் முந்தின சேவின் மேலேயே புதிதாகச் சேவ் செய்து பழசை அழித்துவிடுகிறவர். திரும்ப வழியே இல்லை.

அக்கா விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் பிற்பகல் வந்து, கை கழுவி, முதலிலிருந்து தனியாக ஒரு ஆட்டத்தைத் தொடங்கினாள். வாழ்நாளில் ஒரு தோட்டாகூடச் சுடாதவள்! முதல் தளத்திலேயே செத்துச் செத்துப் பிழைத்தாள். சுடும்போது கண்ணை மூடிக்கொள்வாள். பார்க்கிற எனக்குக் கை ஊசியில் மாட்டிக்கொள்ளும் போல ஆகிவிடும். மாமா சண்டைகளை மட்டும் முடித்துத் தருவதாகக் கெஞ்சிப் பார்த்தார்.

"நீங்க கையை வெச்சா அதுவும் போயிடும். சும்மா இருங்க."

எத்தனை வாரம் ஆனதோ, எனக்குக் கணக்கில்லை. இன்னொரு விடுமுறை நாளில் அக்கா ஐந்தாவது தளத்தில் நின்றாள். மாமா அவளுக்குப் பின்னால், நான் மிஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில். கதவு திறந்தது. நடையின் நடுவே, முழங்கால் உயரத்தில் ஒரு இயந்திரம் வாளியும் துணி கட்டிய கட்டையுமாகத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"இதுவா!" என்றாள் அக்கா. அத்தனை சந்தோஷம் அவள் முகத்தில் பார்த்து நாளாகிவிட்டது. சுடும் பட்டனிலிருந்து விரலை எடுத்துத் தூரமாக நீட்டி வைத்துக்கொண்டாள்.

இயந்திரம் தன் விளக்கைத் திருப்பி எங்களைப் பார்த்தது. பிறகு வாளியை ஓரமாக இழுத்து, சுவரோடு ஒட்டி நின்று, போக வழி விட்டது. ஈரத் தரைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் கதவு பாதி திறந்திருந்தது, உள்ளே வெளிச்சம். அது குடியிருக்கும் அறையாக இருக்க வேண்டும். எனக்கே பொறுக்கவில்லை.

"போக்கா, அதான் வழி விடுதே!"

அக்கா அசையவில்லை. "ஈரமா இருக்கு" என்றாள்.

"இது கேம்மா" என்றார் மாமா. "இதுல தரையெல்லாம் காயாது. அதையெல்லாமா ஒருத்தன் உக்காந்து செஞ்சிருப்பான்?"

"காயுதா இல்லையானு பாப்போமே. வேலைக்குச் சேந்ததுலேருந்து நான் துடைச்ச தரை ஒண்ணாவது மிதிபடாம காஞ்சு நான் பாத்ததில்ல."

மாமா வந்து தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மூன்று பேரும் ஒரு ஈரத் தரையைப் பார்த்தோம். டீ ஆறிப்போனது. வெகுநேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு சுவரோரத்தில் மினுமினுப்பு லேசாக மங்கியது. நிஜமாகவே காய்ந்துகொண்டிருந்தது! யாரோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து அதையும் செய்திருக்கிறான்.

ஓரங்கள் காய்ந்து, நடுவில் ஒரு தட்டளவு ஈரம் மட்டும் மிச்சம் இருந்தது. அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும் வந்துடக் கூடாதே" என்றாள், ஆளே இல்லாத அந்த நிலையத்தைப் பார்த்து.